கருப்பின் மேல் நீலம்

போன வாரம் உங்களில் ஒருவர் எனக்கு ஒரு போஸ்டரைப் படம் எடுத்து அனுப்பி, கலர் சரியாக இருக்கிறதா என்று கேட்டிருந்தார். அதை எங்கே மாட்டப் போகிறீர்கள் என்று திருப்பிக் கேட்டேன். இதுவரை பதில் இல்லை. ரிட்டயர் ஆன பிறகும் இந்த மனிதருக்குக் குடைச்சல் கொடுக்கும் புத்தி போகவில்லை என்று நினைத்திருப்பார். நினைத்துவிட்டுப் போகட்டும். அந்தக் கேள்வியை நான் ஏன் கேட்டேன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். வடிவமைப்புத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் மற்றவர்களும் படிக்கலாம், தப்பில்லை.

அமீரகத்தில் ஒரு பல்கலைக்கழகத்தின் வெளியீட்டுப் பிரிவில் நான் பல வருடங்கள் வேலை பார்த்தேன். வீடு ஷார்ஜாவில், சொந்த ஊர் திருச்சி. நான் சேர்ந்த காலத்தில் அந்தப் பல்கலைக்கழகத்துக்கு நிறம் என்று ஒன்று கிடையாது, அல்லது எல்லா நிறமும் இருந்தது. பொறியியல் கல்லூரி மஞ்சள் என்றது, சட்டக் கல்லூரி சிவப்பு என்றது, வணிகவியல்காரர்கள் வருடத்துக்கு ஒரு பச்சையைக் கண்டுபிடித்தார்கள். வாசல் பலகை ஒரு நீலம், பஸ் வேறொரு நீலம், சான்றிதழ் மூன்றாவது நீலம். பார்க்கிறவனுக்கு இது ஒரே இடம்தானா என்று சந்தேகம் வரும்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு, ஊரெல்லாம் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்த அந்த வருடங்களில், வெளிநாட்டிலிருந்து ஓர் ஆலோசனைக் குழுவை வரவழைத்து எங்களுக்கும் ஒரு நிறக் கையேடு செய்தார்கள். முதன்மை நிறம் ஆழ்ந்த நீலம். துணை நிறம் மணல். அங்கங்கே தொட்டுக்கொள்ளச் செம்பு நிறம், சாப்பாட்டில் ஊறுகாய் அளவுக்கு. அவ்வளவுதான். அந்தக் கையேட்டைக் காப்பாற்றும் வேலை எங்கள் பிரிவுக்கு வந்தது. எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கையில் நிற அட்டையோடு வளாகம் முழுக்கச் சுற்றுவேன். ஒருமுறை ஒரு துறையின் ஆண்டு விழாவில் கேக் மேல் இருந்த நீலம் சரியில்லை என்று பேக்கரிக்காரனோடு சண்டை போட்டேன். அவன் எனக்கு ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தான். முதுகுக்குப் பின்னால் என்னை 'கலர் போலீஸ்' என்று கூப்பிடுவது தெரியும். அதில் எனக்கு உள்ளூரச் சந்தோஷம்தான்.

எங்கள் மேலாளர் ஒரு சூடான்காரர். அதிகம் பேசமாட்டார். ஒரு விஷயத்தைச் சொன்னால் அதில் எது பார்த்தது, எது ஊகித்தது என்று பிரித்துச் சொல்லச் சொல்வார். ஆரம்பத்தில் எரிச்சலாக இருக்கும். இவருக்கு மேலே பல்கலைக்கழகத்தின் துணைத் தலைவர், ஆங்கிலேயர். கையேட்டை வரவழைத்தவர் அவர்தான். வாசல் கதவிலிருந்து சான்றிதழ் வரை ஒரே நீலம் பார்க்க வேண்டும், இனி எவனாவது நிறத்தில் கை வைத்தால் ஊருக்கு டிக்கெட் என்று எல்லார் முன்னாலும் சொல்லியிருந்தார். அங்கே அது வெறும் பேச்சு இல்லை. வேலை போனால் விசா போகும், விசா போனால் வீட்டைக் காலி செய்து பிள்ளைகளின் பள்ளிக்கூட டிசி வாங்க வேண்டியதுதான்.

எங்கள் பிரிவில் ஒரே ஒரு பெண், ரேவதி. கோயம்புத்தூர்க்காரர், அப்போதுதான் சேர்ந்திருந்தார், ப்ரொபேஷன் முடியவில்லை. அவர் கணவர் வேலை பார்த்த கம்பெனி மூடப்பட்டுவிட்டது. அவர் தினமும் பயோடேட்டாவை எடுத்துக்கொண்டு அலைய, ரேவதியின் சம்பளத்தில்தான் குடும்பம் ஓடிக்கொண்டிருந்தது. இதை ரேவதி என்னிடம் சொன்னதில்லை. என் மனைவி வழியாகத் தெரியும்.

அந்த வருடம்தான் பெண்கள் வளாகத்தின் பட்டமளிப்பு விழாவுக்குப் புதிய நிறங்கள் வந்தன. அங்கே ஆண்களுக்கு ஒரு வளாகம், பெண்களுக்கு ஒரு வளாகம். பெண்கள் விழாவுக்கு ஆண்கள் உள்ளே போகக் கூடாது. ஆசிரியரானாலும் சரி, அப்பாவானாலும் சரி, வெளியேதான். கேமரா உள்ள கைப்பேசியையும் வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். பட்டம் வாங்கும் மாணவிகள் கவுன் போடுவதில்லை. வழக்கமாகப் போடும் அபாயா என்ற கருப்பு நீள அங்கியின் மேல் ஸ்டோல், அதாவது தோளிலிருந்து முன்பக்கம் இரண்டு பட்டையாகத் தொங்கும் துணி, அதை மட்டும் போட்டுக்கொள்வார்கள். முன்பெல்லாம் கல்லூரிக்கு ஒரு நிறம், மஞ்சள், சிவப்பு, பச்சை. இந்த முறை எல்லாருக்கும் ஒரே நீலம். முதன்முதலாக ஒழுங்கு வரப்போகிறது என்று எங்களுக்கு ஒரே பெருமை.

துணி தைத்துக் கொடுத்தவர் துபாய் தேராவில் கடை வைத்திருந்த கீழக்கரை வியாபாரி. எங்கள் அட்டையைக் கொண்டுபோய்ச் சாயம் போட்டு, அட்டைக்கும் துணிக்கும் வித்தியாசம் தெரியாத அளவுக்குக் கொண்டுவந்து கொடுத்தார். மேலாளர் அறையில் வெள்ளை மேசை மேல் ஸ்டோலை விரித்து, மேலாளர், துணைத் தலைவர், நான் மூன்று பேரும் பார்த்தோம். அட்டையை மேலே வைத்தேன். ஒட்டிவைத்த மாதிரி மறைந்துவிட்டது. துணைத் தலைவர் என் தோளில் தட்டினார். அவர் யார் தோளிலும் தட்டி நான் பார்த்ததில்லை.

விழா திங்கட்கிழமை. அதற்கு முந்தைய வியாழக்கிழமை காலை ஒத்திகை. மேடையில் பேனர் சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க ரேவதியை அனுப்பியிருந்தேன். அவரிடம் இருந்தது கேமரா இல்லாத பழைய கைப்பேசி என்பதால் அதை உள்ளே விட்டிருந்தார்கள். பத்து மணி வாக்கில் போன் வந்தது. பேனர் நன்றாக இருக்கிறது என்றார். பிறகு கொஞ்சம் தயங்கினார்.

"சார், ஸ்டோல் தெரியலைங்க."

இன்னும் கொடுக்கவில்லையா என்று கேட்டேன். எல்லாரும் போட்டிருக்கிறார்கள், ஆனால் தெரியவில்லை என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. மூன்று பேர் அட்டை வைத்துப் பார்த்த துணி. இந்தப் பெண் புதிது, பதற்றத்தில் பேசுகிறது என்றுதான் நினைத்தேன். எங்கே நிற்கிறாய் என்று கேட்டேன். பின்வரிசையில் என்றார். அம்மாக்கள் உட்காரும் மேல் பால்கனிக்குப் போய்ப் பார்த்துச் சொல்லம்மா என்றேன். போனை வைக்கவில்லை. அவர் மாடிப்படி ஏறும் மூச்சு எனக்குக் கேட்டது.

"இங்கிருந்து பார்த்தா எல்லாமே கருப்புதானுங்க சார். யாரு பட்டம் வாங்கற பொண்ணு, யாரு கூட வந்த தங்கச்சின்னே தெரியலை. கையில வச்சிருக்கற மணல் கலர் ஃபோல்டர் மட்டும் வரிசையாத் தெரியுது. கழுத்துல ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்குதுங்க."

நான் கையேட்டை எடுத்துப் புரட்டினேன். எங்கள் கையேட்டின் ஏழாவது பக்கத்தை நானே எத்தனையோ கூட்டங்களில் படித்துக் காட்டியிருக்கிறேன். அச்சில் நீலம் வெள்ளையின் மேல் அல்லது மணலின் மேல் மட்டுமே வர வேண்டும், கருப்பின் மேல் ஒருபோதும் வரக் கூடாது. கருப்புப் பேனாவில் எங்கள் நீல முத்திரையை அச்சடித்த ஒரு துறையை உண்டு இல்லை என்று ஆக்கியவன் நான். ஆனால் அபாயாவை ஒரு பின்னணி என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. நாங்கள் அச்சடித்ததுதான் எங்களுக்குப் பின்னணி. தினமும் கண் முன்னால் நடந்துபோகும் கருப்பு எங்கள் கணக்கிலேயே இல்லை.

கீழக்கரைக்காரருக்குப் போன் போட்டேன். மாற்றுவதானால் என்ன செய்யலாம் என்று கேட்டேன். புதுத் துணிக்குச் சாயம் போட நேரம் இல்லை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மேடை மேசை விரிப்புக்கு வாங்கிய மணல் நிறச் சாட்டின் மிச்சம் இருப்பதாகச் சொன்னார்.

"சேலைக்குக் கரை வைக்கிற மாதிரி சுத்தி அகலமா வச்சுத் தச்சுரலாம் தம்பி. ஆனா மதியத்துக்குள்ள ஸ்டோலு என் கைக்கு வரணும். நாளைக்கு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ, தையக்காரப் பயலுவ ஒருத்தனும் இருக்க மாட்டான்."

மேலாளர் அறைக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். துணைத் தலைவர் அபுதாபியில் ஏதோ அமைச்சகக் கூட்டத்தில் இருந்தார், போன் அணைத்திருந்தது. மேலாளர் வழக்கம்போல ஒரே ஒரு கேள்வி கேட்டார். அந்தப் பெண் பார்த்தாரா, நினைத்தாரா?

அன்று அந்தக் கேள்வி எனக்கு எரிச்சல் தரவில்லை. ஃபோல்டர் தெரிகிறது, ஸ்டோல் தெரியவில்லை என்றார் என்று சொன்னேன். பயத்தில் பேசுகிறவர்கள் எல்லாமே சரியில்லை என்பார்கள். எது தெரிகிறது, எது தெரியவில்லை என்று பிரித்துச் சொல்ல நின்று பார்த்திருக்க வேண்டும். மேலாளர் தலையை ஆட்டிவிட்டு, துணைத் தலைவர் கேட்பார், யார் சொன்னது என்று, என்ன சொல்வது என்றார். நான் சொன்னதாகச் சொல்லுங்கள் என்றேன். வீரம் எல்லாம் இல்லை. என் விசா ரேவதியின் விசாவைவிடக் கொஞ்சம் கெட்டியானது, அவ்வளவுதான்.

இதை ரேவதியிடம் போனில் சொன்னேன். உன் பெயர் வராது, கவலைப்படாதே என்றேன். அந்தப் பக்கம் சிரிப்பு போல ஏதோ கேட்டது.

"நீங்க எப்படிங்க சார் பார்த்திருக்க முடியும்? உள்ள வந்தீங்களான்னு கேட்டா என்ன சொல்லுவீங்க? என் பேரையே சொல்லுங்க. நான்தானுங்களே பார்த்தேன்."

ஒரு பொய்யைக்கூடச் சரியாகச் சொல்லத் தெரியாதவன் இத்தனை வருடம் என்னத்தைக் கிழித்தேன் என்று இருந்தது. மேலாளரிடம் உள்ளதைச் சொன்னேன். கலாஸ், பேச்சு முடிந்தது, தைக்கச் சொல் என்றார் அவர். ஸ்டோல்களைப் பெட்டிகளில் கட்டி எங்கள் வேனில் ஏற்றி அனுப்பியபோது மதியத் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை துணைத் தலைவர் மேலாளர், ரேவதி, நான் எங்கள் மூவரையும் கூப்பிட்டார். மேசை மேல் இரண்டு ஸ்டோல்கள். ஒன்று பழையது, இன்னொன்று கரை வைத்தது. அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பழையதைக் காட்டி, இதில் என்ன தெரியவில்லை என்று கேட்டார். உண்மையில் அந்த மேசை மேல் எல்லாம் நன்றாகத்தான் தெரிந்தது. நான் ஏழாவது பக்கத்தைத் திறந்து வைத்தேன். அது அச்சுக்கு எழுதியது, துணிக்கு இல்லை என்றார். ஒருத்தர் பேச்சைக் கேட்டு முதன்மை நிறத்துக்கு வேலி கட்டியிருக்கிறீர்கள், நாளை இன்னொரு கல்லூரி வந்து எங்களுக்கும் ஒரு கரை வேண்டும் என்று நிற்கும், அப்போது பழைய மஞ்சளும் சிவப்பும் திரும்பி வரும் என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. விதிவிலக்கு ஒன்று கொடுத்தால் பின்னால் பத்துப் பேர் வரிசையில் நிற்பதை நானே பார்த்திருக்கிறேன்.

பிறகு ரேவதியைப் பார்த்து, அறையில் இருக்கும் மற்ற எல்லாருக்கும் தெரியும் ஒரு துணி உங்களுக்கு மட்டும் ஏன் தெரியாமல் போனது என்று கேட்டார். ரேவதி நின்றுகொண்டே பதில் சொன்னார். ஆங்கிலம் தெளிவாக இருந்தது. நான் நின்ற இடத்தில் இந்த அறையில் இருக்கும் வேறு யாரும் நிற்க முடியாது, அதனால்தான் என்றார்.

துணைத் தலைவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசை மேல் வைத்தார். இனி மாற்ற நேரம் இல்லை, விழா நடக்கட்டும், முடிந்ததும் பெண்கள் வளாகத்தின் டீனிடம் நானே கேட்கிறேன் என்றார். டீன் அந்த ஊர் அம்மா, யாருக்காகவும் வார்த்தையை மென்று பேசாதவர். அவர் முகம் சுளித்தால் ரேவதியின் வேலை அன்றோடு முடிந்தது என்பதையும் அதே அமைதியோடு சொன்னார். வெளியே வந்ததும் ரேவதி நேராகத் தண்ணீர் குடிக்கப் போனார். ஒரு பெண்ணின் கண்ணை நம்பி அந்தப் பெண்ணின் சோற்றையே பணயம் வைத்துவிட்டோமே என்று அன்று முழுக்க உறுத்திக்கொண்டே இருந்தது. நம்பாமல் விட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேனா என்றால் அதுவும் இல்லை.

திங்கட்கிழமை நாலு மணிக்கு விழா. அரங்கத்துக்கு வெளியே கார் நிறுத்தும் இடம் முழுக்க அப்பாக்களும் அண்ணன் தம்பிகளும். பாதிப் பேர் ஏசியைப் போட்டுக்கொண்டு வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார்கள். விருந்தினர்களை வரவேற்றுவிட்டுத் துணைத் தலைவரும் மேலாளரோடும் என்னோடும் நிழலில் வந்து நின்றார். அவருக்கும் உள்ளே அனுமதி இல்லை. கதவைச் சாத்திவிட்டார்கள். ஒரு பல்கலைக்கழகத்தின் நிறத்துக்குப் பொறுப்பான மூன்று ஆண்கள், அந்த நிறம் வெளிப்படும் நேரத்தில், ஒரு மூடிய கதவைப் பார்த்துக்கொண்டு வெக்கையில் நின்றோம்.

முதலில் இசை கேட்டது. பிறகு ஒலிபெருக்கியில் யாரோ பேசினார்கள். அப்புறம் திடீரென்று ஒரு குலவைச் சத்தம். நம் ஊரில் கோயில் கொடையிலும் கல்யாணத்திலும் பெண்கள் நாக்கைச் சுழற்றிப் போடுவார்களே, அதேதான். அரபுப் பெண்களுக்கும் அந்த வழக்கம் உண்டு. ஒன்று அடங்குவதற்குள் இன்னொன்று, அது அடங்குவதற்குள் வேறொரு மூலையிலிருந்து இன்னொன்று. வண்டிக்குள் இருந்த அப்பாக்கள் கண்ணாடியை இறக்கினார்கள்.

என் போன் அடித்தது. ரேவதி. உள்ளே இருந்த சத்தத்தில் அவர் கத்திப் பேச வேண்டியிருந்தது.

"சார், மேல பால்கனிலதான் நிக்கறேன். நல்லாத் தெரியுதுங்க. மணல் கரைக்கு நடுவுல நீலம் நீலமாவே இருக்குது. பேரு கூப்பிடறதுக்கு முன்னாடியே அம்மாக்காரங்க கண்டுபிடிச்சுக் குலவை போடறாங்க."

அத்தோடு பேச்சை நிறுத்திவிட்டார், ஆனால் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. அவர் அழுகிறாரா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.

துணைத் தலைவர் என்னிடம் அது என்ன சத்தம் என்று கேட்டார். அத்தனை வருடம் அந்த ஊரில் இருந்தும் அவர் அதைக் கேட்டதில்லை போல. அம்மாக்கள் பிள்ளைகளைக் கண்டுபிடிக்கும் சத்தம் என்றேன். கடைசிக் குலவை வரை அவர் அங்கேயே நின்றார், சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

கதவு திறந்து டீன் வெளியே வந்தபோது, அவரிடம் கேட்க வேண்டிய கேள்வியைத் துணைத் தலைவர் கேட்கவில்லை. வாழ்த்து மட்டும் சொன்னார். டீனே கேட்டார், அந்தக் கரை யார் யோசனை என்று. துணைத் தலைவர் சுற்றும் முற்றும் பார்த்து, டீனுக்குப் பின்னால் மிச்ச ஃபோல்டர்களைச் சுமந்துகொண்டு வந்த ரேவதியைக் கை காட்டினார். அந்த மாதக் கடைசியில் அவருக்கு வேலை உறுதியானது. எங்கள் மேலாளர் ஏழாவது பக்கத்தில் ஒரே ஒரு திருத்தம் செய்தார். அச்சு என்ற சொல்லை எடுத்துவிட்டு, நிறம் எங்கே போய்ச் சேருகிறதோ அங்கே என்று எழுதினார். துணைத் தலைவர் அதில் கையெழுத்துப் போட்டார்.

நிறத்தை ஒரே மாதிரி வைப்பது என்றால் எல்லா இடத்திலும் ஒரே அட்டையை ஒட்டுவது என்றுதான் நான் அதுவரை நினைத்திருந்தேன். அட்டை ஒன்றாகத்தான் இருக்க வேண்டும், அதில் இன்றும் எனக்கு விட்டுக்கொடுப்பு கிடையாது. ஆனால் ஒரே மாதிரி இருக்க வேண்டியது அட்டையில் இல்லை, தூரத்தில் உட்கார்ந்து பார்க்கிறவர் கண்ணில். அங்கே நம்மால் போய் நிற்க முடியவில்லை என்றால், நிற்க முடிகிறவர் சொல்வதைக் கேட்க வேண்டும். கேட்பது லேசில்லை. அதற்காகத்தான் போஸ்டரை எங்கே மாட்டப் போகிறீர்கள் என்று கேட்டேன். இப்போதாவது பதில் போடுங்கள்.

அதற்குப் பிறகு நான் ஓய்வு பெறும் வரை ஒவ்வொரு வருடமும் அந்த ஸ்டோல்களை நான்தான் அட்டை வைத்துச் சரிபார்த்து அனுப்பினேன். ஒவ்வொரு வருடமும் வெளியே நின்று குலவையைக் கேட்டேன். ஒரு அரங்கம் நிறையக் கருப்பின் நடுவே அந்த நீலம் எப்படி இருக்கும் என்று கேட்டால், என்னால் சொல்ல முடியாது. நான் பார்த்ததே இல்லை.